சத்தம் குறைந்த கிட்டார்



ஒரு சனிக்கிழமை இரவு வாலிபர் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்துபோன பின்பும், ஒரு தம்பி மட்டும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தான். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றில் பகலெல்லாம் உழைக்கிறவன். ஞாயிறு ஆராதனையில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவன். மடியில் கிட்டார் இருந்தது. முகத்தில் களையில்லை.

"ஐயா, நாளையிலிருந்து நான் வாசிக்கவில்லை. வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள்" என்றான்.

காரணத்தை விசாரித்தேன். பல மாதங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் கிட்டாருக்குப் புதிய பிக்கப் இரண்டு வாங்கியிருக்கிறான். வேலை நாட்களில் கடைக்குப் போக இவனுக்கு நேரமில்லாததால், செம்பூரிலிருந்து வந்து நம் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் நண்பனிடம் பணத்தைக் கொடுத்து வாங்கி வரச் சொன்னான். பழைய பிக்கப்புகளைக் கழற்றிப் புதியவற்றைத் தானே சால்டர் செய்து பொருத்தினான். முன்பு ஆம்ப்ளிபயரில் வால்யூமை 3-இல் வைத்தால் அறை நிறையும். இப்போது 7-இல் வைத்தும் போதவில்லை. தகர டப்பாவைத் தட்டியதுபோல மெலிந்த ஓசை. போதாக்குறைக்கு, முன்பு இல்லாத இரைச்சல் வேறு.

"டூப்ளிகேட் சரக்கு ஐயா. அசலுக்குரிய பணத்தை வாங்கிக்கொண்டு போலியை வாங்கித் தந்துவிட்டான். போனில் நன்றாகக் கேட்டுவிட்டேன்" என்றான்.

பேஸ் வாசிக்கும் பிள்ளை இரண்டு வாரமாகப் பயிற்சிக்கு வராததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. உள்ளதைச் சொல்லுகிறேன், அந்த நேரத்தில் என் மனதிலும் செம்பூர் பிள்ளையைக் குறித்து ஓர் ஐயம் எழுந்தது. வேதாகமக் கல்லூரிக்குப் போகுமுன் மாட்டுங்காவில் ஒரு ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் சில காலம் தொழில் பழகியவன் நான். அங்கே எனக்குக் கற்பித்தவர், மீட்டரை எடுத்து அளக்காமல் எந்தப் பொருளையும் கெட்டது என்று சொல்ல விடமாட்டார். அந்தப் பழக்கம் அன்று என்னைத் தடுத்தது. "நாளைக் காலை கிட்டாரையும் பிக்கப்போடு வந்த காகிதத்தையும் கொண்டுவா. அளந்து பார்த்தபின் பேசுவோம்" என்று சொல்லி அனுப்பினேன்.

நம் சபைகளில் கிட்டார் வாசிக்கும் பிள்ளைகள் அநேகர் இருப்பதால், அன்று நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் பிக்கப் என்பது என்னவென்று அறிவது நல்லது. தந்திகளின் அடியில் பதித்திருக்கும் அந்தச் சிறு உறுப்பினுள் காந்தமும், அதைச் சுற்றித் தலைமயிரிலும் மெல்லிய செம்புக் கம்பியும் இருக்கின்றன. கம்பியின் தடிமன் ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டர், ஆயிரக்கணக்கான சுற்றுகள். எஃகுத் தந்தி காந்தப்புலத்தில் அதிரும்போது கம்பிச் சுருளில் மிகச்சிறிய மின்சாரம் பிறக்கிறது. இந்த விதியை 1831-இல் கண்டறிந்தவர், புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகி வளர்ந்த மைக்கேல் பாரடே. அதைக் கொண்டு ஜார்ஜ் போஷாம்ப் என்பவர் 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எலக்ட்ரிக் கிட்டாரை அமைத்து, 1937-இல் காப்புரிமை பெற்றார்.

ஒற்றைச் சுருள் பிக்கப்பில் ஒரு குறை உண்டு. சுற்றிலுமுள்ள மின்கம்பிகள், டியூப் லைட், டிரான்ஸ்பார்மர் ஆகியவற்றின் இரைச்சலையும் அது சேர்த்துப் பிடித்துவிடும். கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் இதற்கு ஒரு வழி கண்டு 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; 1959-இல் அது வழங்கப்பட்டது. இரண்டு சுருள்களை அருகருகே வைத்தார். ஒன்றின் காந்தத் துருவம் மற்றதற்கு எதிர். மின் இணைப்பின் திசையும் எதிர். இரண்டு எதிர்களும் சேரும்போது தந்தியின் ஓசை கூடுகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்கோ காந்தத்தோடு சம்பந்தமில்லை. ஆகவே அது மட்டும் ஒன்றையொன்று கழித்து அடங்கிப்போகிறது. இதுவே ஹம்பக்கர். நம் தம்பி வாங்கியதும் இந்த வகைதான். இந்தக் கூட்டலையும் கழித்தலையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஞாயிறு ஆராதனைக்கு முன்பாகவே இருவரும் அமர்ந்தோம். முதலாவது, கிட்டாருக்கு வெளியே பார்த்தோம். வேறு கேபிள் மாற்றினோம்; அதே ஆம்ப்ளிபயரில் வேறு கிட்டாரை வாசித்துப் பார்த்தோம். அது நன்றாகவே பாடியது. சில சபைகளில் கிட்டாரை நேரே மிக்சரின் லைன் உள்ளீட்டில் சொருகுகிறார்கள். சாதாரண பிக்கப்புக்கு ஏறத்தாழ 1 மெகா ஓம் தடையுள்ள உள்ளீடு வேண்டும். மிக்சரின் லைன் உள்ளீட்டில் அது மிகக் குறைவாயிருப்பதால் ஓசை மங்கி மெலியும். அவ்விடங்களில் டி.ஐ. பாக்ஸ் என்னும் சிறு பெட்டியை நடுவில் வைத்தாலே பாதிக் குறை தீரும்.

இரண்டாவது, உயரம். பிக்கப் தாழ்ந்திருந்தால் சத்தம் குறையும். கடைசிக் கட்டையில் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்திக்கும் பிக்கப்பின் முனைக்கும் நடுவே பார்த்தால், சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது பொதுவான அளவு. இரு பக்கமுமுள்ள திருகைத் திருப்பிச் சரிசெய்யலாம். ஒற்றைச் சுருள் பிக்கப்பை அளவுக்கு மீறி உயர்த்தக் கூடாது. காந்தம் தந்தியை இழுத்துச் சுருதியைக் கெடுத்துவிடும். தம்பியின் கிட்டாரில் உயரம் சரியாகவே இருந்தது.

மூன்றாவது, மல்டிமீட்டர். இதற்குக் கிட்டாரைத் திறக்கவும் தேவையில்லை. கேபிளின் ஒரு முனையைக் கிட்டாரில் சொருகி, வால்யூமை முழுவதும் திறந்து, மறுமுனையிலுள்ள பிளக்கின் நுனியிலும் தண்டிலும் மீட்டரின் இரு முனைகளை வைத்து, 20 கிலோ ஓம் அளவில் பார்க்க வேண்டும். ஒற்றைச் சுருளாயின் பொதுவாக 5.5 முதல் 7 கிலோ ஓம். பழைய பாணி ஹம்பக்கராயின் 7.5 முதல் 8.5 வரை, அதிக வலுவுள்ளவை 12-க்கும் மேலே போகும். எதுவும் காட்டாமல் மீட்டர் எல்லை தாண்டி நின்றால் சுருளோ இணைப்போ எங்கேயோ அறுந்திருக்கிறது. 0 காட்டினால் இரண்டு ஒயர்கள் எங்கேயோ தொட்டுக்கொண்டிருக்கின்றன. கேபிளை அசைக்கும்போது எண் தடுமாறினால் சால்டர் சரியாகப் பிடிக்கவில்லை. இருக்க வேண்டியதில் சரிபாதி காட்டினால், ஹம்பக்கரின் ஒரு சுருள் மட்டுமே வேலை செய்கிறது. இரண்டு சுருள்களையும் சேர்க்கும் முடிச்சு எர்த்தில் பட்டுக்கொண்டிருக்கலாம்.

எங்கள் மீட்டர் ஏறக்குறைய 8 கிலோ ஓம் காட்டியது. காகிதத்தில் அச்சிட்டிருந்த அளவும் அதுவே. மற்ற பிக்கப்பும் அவ்வாறே இருந்தது.

தம்பி மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்படியானால் சரக்கு நல்ல சரக்குதானா, ஐயா?" என்றான். குரல் இறங்கியிருந்தது.

நான்காவது, தட்டிப் பார்த்தல். ஆம்ப்ளிபயரின் சத்தத்தைக் குறைத்து வைத்து, சிறு ஸ்குரூ டிரைவரின் நுனியால் பிக்கப்பின் ஒவ்வொரு வரிசை முனையையும் மெல்லத் தொட்டேன். இரண்டு சுருள்களிலிருந்தும் 'டப், டப்' என்று சமமான ஓசை வந்தது. ஆக, இரண்டும் உயிரோடு இருக்கின்றன. தனித்தனியே நல்லவை, சேர்ந்து ஒலிக்கும்போது மட்டும் மெலிந்துபோகின்றன. இரைச்சலோ கூடியிருக்கிறது.

சற்று முன் நினைவில் வைக்கச் சொன்ன கூட்டலும் கழித்தலும் இங்கேதான் உதவின. ஹம்பக்கரில் ஓசை கூட வேண்டும், இரைச்சல் கழிய வேண்டும். இங்கே ஓசை கழிகிறது, இரைச்சல் கூடுகிறது. அப்படியானால் ஒரு சுருள் தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கிறது. மீட்டருக்கு இது தெரியாது. திசை மாறினாலும் தடையின் அளவு மாறாதல்லவா? ஓசை முற்றும் அடங்காததற்கும் காரணம் உண்டு. இரண்டு சுருள்களும் தந்தியைச் சற்றே வெவ்வேறு இடங்களில் கேட்கின்றன. ஆகவே கனத்த ஒலிகள் பெரும்பாலும் கழிந்துபோய், மெல்லிய கீச்சொலி மட்டும் மிஞ்சுகிறது. தகர டப்பா ஓசை என்று தம்பி சொன்னது இதைத்தான்.

"எந்தப் படத்தைப் பார்த்து இணைத்தாய்?" என்று கேட்டேன். முன்பு வேறொரு கிட்டாருக்காக எழுதி வைத்திருந்த வரைபடத்தைக் காட்டினான். படத்தில் பிழையில்லை, ஆனால் அது வேறொரு நிறுவனத்தின் பிக்கப்புக்குரியது.

இதைக் கிட்டார் வாசிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஹம்பக்கரிலிருந்து நான்கு நிற ஒயர்களும் உறையில்லாத ஒரு கம்பியும் வெளியே வரும். அந்த நிறங்களுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி எதுவுமில்லை. சீமோர் டங்கன் நிறுவனத்தின் முறையில் கறுப்பு ஒயர் வால்யூமுக்குப் போகும். வெள்ளையும் சிவப்பும் ஒன்றாக முடிச்சிடப்படும். பச்சையும் வெறுங்கம்பியும் எர்த்துக்குச் சேரும். டிமார்சியோ நிறுவனத்தின் முறையிலோ சிவப்பு வால்யூமுக்குப் போகும். கறுப்பும் வெள்ளையும் முடிச்சிடப்படும். பச்சையும் வெறுங்கம்பியும் எர்த்துக்குச் சேரும். பச்சை இரண்டிலும் ஒன்றுபோல இருப்பதால் கண் ஏமாந்துவிடும். முதல் முறையை இரண்டாவது பிக்கப்பில் செய்தால் ஒரு சுருள் தலைகீழாகும். நம் தம்பிக்கு நேர்ந்தது இதுவே.

காகிதம் தொலைந்துபோனாலும் கவலை வேண்டாம். நான்கு ஒயர்களையும் விடுவித்து, மீட்டரால் இரண்டிரண்டாகத் தொட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 4 கிலோ ஓம் காட்டும் ஜோடி ஒரு சுருள்; மீதி ஜோடி மற்றொரு சுருள். எந்த ஒயர் தொடக்கம், எது முடிவு என்பதை முள் உள்ள பழைய மீட்டரால் அறியலாம். மிகக் குறைந்த டி.சி. அளவில் வைத்து, பிக்கப்பின் முனைகள்மேல் ஸ்குரூ டிரைவரை வைத்துச் சட்டென்று எடுத்தால் முள் ஒரு பக்கம் துள்ளும். இரண்டு சுருள்களும் முள்ளை ஒரே பக்கம் துள்ளச் செய்யும்படி இணைத்தால் சரி. மீட்டரும் சால்டரும் லேமிங்டன் ரோடு கடைகளில் எளிதாகக் கிடைக்கும். கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கி நடந்துபோகும் தூரம்தான்.

ஒவ்வொரு பிக்கப்பிலும் இரண்டு ஒயர்களை மாற்றினோம். முடிச்சுகளின்மேல் உறையிட்டு மூடினோம். தம்பி தந்தியை மீட்டினான். ஆம்ப்ளிபயர் 3-இலேயே இருந்தது. பக்கத்து வீட்டுச் சகோதரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். இரைச்சலும் அடங்கிவிட்டது.

வேறு சிலருக்கு வேறு காரணங்கள் இருக்கலாம், அவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பிக்கப்பும் தனியே நன்றாயிருந்து, சுவிட்சை நடுவில் வைத்து இரண்டையும் சேர்க்கும்போது மட்டும் ஓசை மெலிந்தால், இரண்டு பிக்கப்புகளும் ஒன்றுக்கொன்று எதிராக இணைந்திருக்கின்றன. நான்கு ஒயர் உள்ள பிக்கப்பாயின், ஒன்றில் மட்டும் வால்யூமுக்குப் போகும் ஒயரையும் எர்த்துக்குப் போகும் நிற ஒயரையும் மாற்றினால் போதும். வெறுங்கம்பி எர்த்திலேயே இருக்கட்டும். இங்கிலாந்தின் பீட்டர் கிரீன் என்னும் கலைஞரின் 1959-ஆம் ஆண்டு லெஸ் பால் கிட்டாரில் இதே நிலை இருந்தது. ஒரு பிக்கப்பின் காந்தம் தலைகீழாயிருந்ததே காரணம் என்பது அதை ஆராய்ந்தோர் கூற்று. அவரோ அந்த மெலிந்த ஓசையையே தமக்குரிய ஓசையாக்கிக்கொண்டார். அந்தக் கிட்டார் கேரி மூர் கைக்கும், 2014-இல் கிர்க் ஹாமட் கைக்கும் போய்ச் சேர்ந்தது. விரும்பி வைத்துக்கொண்டால் அது தனிச் சுவை. தெரியாமல் நேர்ந்தால் பழுது.

வால்யூம் கண்ட்ரோலின் அளவையும் பாருங்கள். ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம், ஒற்றைச் சுருளுக்கு 250 என்பது வழக்கம். ஹம்பக்கருக்கு 250 இருந்தால் ஓசை சற்று மங்குமே தவிர, பாதியாகக் குறையாது. பேட்டரியால் இயங்கும் ஆக்டிவ் பிக்கப் இருந்த கிட்டாரிலோ 25 கிலோ ஓம் கண்ட்ரோல் இருக்கும். அதை மாற்றாமல் சாதாரண பிக்கப்பைப் பொருத்தினால் சத்தம் அடியோடு விழுந்துவிடும். ஆக்டிவ் பிக்கப்பைப் புதிதாய் வைத்தவர்கள் 9 வோல்ட் பேட்டரியை முதலில் சோதிக்கட்டும். பாலத்தருகே வைக்க வேண்டிய பிக்கப்பைக் கழுத்தருகே மாற்றி வைத்தாலும் சமநிலை கெடும். பாலத்தருகே தந்தியின் அசைவு குறைவு என்பதால் அந்தப் பிக்கப்பை வழக்கமாக அதிக வலுவுடையதாகச் செய்கிறார்கள். இன்னொன்று: வலுவான பிக்கப்பைக் கழற்றிவிட்டுப் பழைய பாணியை வாங்கினால் சத்தம் சற்றுக் குறையத்தான் செய்யும். அது பழுதல்ல, அதன் இயல்பு.

பிரியமான பெற்றோரே, உயிரைப் பற்றியதாகையால் இந்த ஒரு காரியத்தை அழுத்தமாகச் சொல்லுகிறேன். இரைச்சல் வருகிறதென்று மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். கிட்டாரின் தந்திகள் பாலத்தின் வழியாக எர்த்தோடு இணைந்தவை. எர்த் இல்லாத ஆம்ப்ளிபயரில் பழுது ஏற்பட்டால் 230 வோல்ட் அந்தத் தந்திகளுக்கே வந்துவிடும். மைக்கில் உதடு பட்ட அந்தக் கணமே ஆபத்து. 1972-இல் வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில் லெஸ் ஹார்வி என்னும் கிட்டார் கலைஞர் மேடையிலேயே மின்சாரம் தாக்கி மரித்தார். அங்கே எர்த் சரியாக இல்லை. மழைக்காலத்தில் ஒழுகும் தகரக் கூரைகளின் கீழ் கூடுகிற நாம் இதில் அசட்டையாயிருக்கலாகாது. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதியுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்துங்கள்.

அன்று ஆராதனை முடிந்ததும் தம்பி என்னிடம் வந்தான். "ஐயா, அவனிடம் போனில் மன்னிப்புக் கேட்கட்டுமா?" என்றான்.

"கடுமையாய்ப் பேசியது போனில். மன்னிப்பை நேரில் கேள், தம்பி. நானும் வருகிறேன், எனக்கும் அதில் பங்குண்டு" என்றேன். அவன் விளங்காமல் என்னைப் பார்த்தான். நானும் மனதுக்குள் அந்தப் பிள்ளையைச் சந்தேகித்தேன் என்பதைச் சொன்னேன்.

சயானில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, செம்பூர் போய்ச் சேர்ந்தோம். கதவைத் திறந்த பிள்ளை எங்களைக் கண்டதும் உள்ளே போய், மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்தான். பிக்கப் வாங்கிய கடையின் ரசீது. இரண்டு வாரமாக அதைப் பத்திரமாக வைத்திருக்கிறான். "கேட்டிருந்தால் அன்றைக்கே காட்டியிருப்பேன் அண்ணா. ஆனால் நீங்கள் கேட்கவே இல்லையே" என்று மட்டும் சொன்னான். தம்பி தலைகுனிந்து அழுதான். அவர்கள் தாயார் தேநீர் கொண்டுவந்தார்கள்.

விசாரிக்குமுன் தீர்ப்புச் சொல்லுவதைக் குறித்து நீதிமொழிகளின் ஆக்கியோன் எச்சரித்திருப்பதை மேடையில் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஒரு மீட்டரும் ஒரு ரசீதும் அதை எனக்குத் திரும்பப் பிரசங்கித்தன. நல்ல பொருளைப் போலி என்றோம். உண்மையுள்ள நண்பனைக் கள்ளன் என்றோம். பழுது இருந்ததோ நாமே இட்ட இணைப்பில். உங்கள் வீட்டிலும் சபையிலும் இரண்டு நல்லவர்கள் சேரும்போது சத்தம் குறைந்து இரைச்சல் கூடுகிறதா? ஒருவரைத் தூக்கி எறியுமுன், இணைப்பைச் சோதித்துப் பாருங்கள்.

அடுத்த ஞாயிறு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாசித்தார்கள்.